முழுக்கை ஜெர்சியும் முதல் மழையும்

எங்க அண்ணனோட வேன்ல ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்க. நாப்பத்திமூணு வயசுல எனக்கு எதுக்கு சைக்கிள்னு அப்புறம் ஒருத்தரும் கேக்க மாட்டீங்க.

வீட்டுல இருந்து வேலைக்குப் பதினோரு கிலோமீட்டர். காலை நேரத்து நெரிசல்ல வேனுக்கு நாப்பது நிமிஷம் ஆகும். அந்த நாப்பது நிமிஷமும் அண்ணன் பேசுவான். டயர்ல எவ்வளவு காத்து இருக்கணும், பித்தப்பையில கல்லு எப்படி உண்டாகுது, புது ரவுண்டானாவுக்கு எந்த மடையன் பிளான் போட்டான், வெந்நீரை நின்னுக்கிட்டு குடிக்கணுமா உக்காந்து குடிக்கணுமா. சிக்னல்ல வண்டி நிக்கும், வாய் நிக்காது. ஒண்ணரை வருஷம் கேட்டேன். காதுல ரத்தம் வராததுதான் பாக்கி.

அண்ணன் லாண்டரி வெச்சிருக்கான். காலையில ஓட்டல் ஓட்டலா போய் அழுக்கு பெட்ஷீட்டும் டவலும் எடுத்துட்டு வரணும். நான் வேலை பாக்கிறது மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டுற பட்டறையில. என் தலையெழுத்து, அது அவன் போற வழியிலேயே இருக்கு. புருஷன் வேண்டாம்னு ஒரே ஒரு பையோட வந்து அண்ணன் வீட்டு மாடி ரூம்ல ஒட்டிக்கிட்டிருக்கிறவ, "உன் வேன்ல வரல"ன்னு எந்த வாயால சொல்றது? அதான் சொல்லாம கொள்ளாம போய் ஒரு பழைய சைக்கிளை வாங்கிட்டு வந்துட்டேன்.

"பாப்பா"ன்னான் அண்ணன், சைக்கிளைச் சுத்திச் சுத்தி வந்து. எனக்கு முடி பாதி நரைச்சாச்சு, அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான். "கோடை முடிஞ்சதும் இங்க குளிரும் மழையும் சேந்து வரும். அஞ்சு மாசம் போகாது. நீ என்ன பண்ணுவே?"

"ஓட்டுவேன்."

"நிமோனியாவுல படுப்பே." அப்புறம் நுரையீரல் பத்தி கால் மணி நேரம். கடைசியில ஒரு ஒப்பந்தம் போட்டான். "முதல் மழை வரைக்கும் ஓட்டு. அன்னிக்கு நனையாம போய்ச் சேந்துட்டேன்னா அப்புறம் நான் வாயே திறக்கல. நனைஞ்சேன்னா சைக்கிளை வித்துட்டு வேன்ல ஏறிடணும். அழுகை கூடாது, அடம் கூடாது."

வாயே திறக்கலன்னு சொன்னான் பாருங்க, அதுக்கு மேல நான் எதையும் காதுல வாங்கல. சரின்னுட்டேன். அண்ணி சாட்சி.

விளையாட்டா சொல்லிட்டேனே தவிர, எனக்கு அது விளையாட்டு இல்ல. ஒன்பது வருஷம் ஒரு வீட்டுல இருந்தேன். வாசல் தாண்டணும்னா கேக்கணும், ஏன்னு சொல்லணும், எத்தனை மணிக்கு வருவேன்னு சொல்லணும். இப்ப காலையில ஏழு மணிக்கு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு யாரையும் கேக்காம தெருவுல இறங்குறேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் பனியிலயும் ஓட்டுவேன். அதை ஒரு மழைகிட்ட விட்டுக்குடுக்க முடியுமா?

கோடை போச்சு. காலையில மூச்சு விட்டா புகை வர ஆரம்பிச்சுது. ஒரு சனிக்கிழமை சைக்கிள் சாமான் கடைக்குப் போனேன்.

அந்தக் கடைக்காரருக்கு நான் மனசுக்குள்ள வெச்சிருக்கிற பேரு தொடை. ஆளு ஒல்லிக்குச்சி, தொடை மட்டும் ரெண்டு ஆளுக்கு இருக்கும். கடைக்குள்ள குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாரு, என்னமோ ஆபரேஷன் தியேட்டர் மாதிரி.

"முழுக்கை ஜெர்சி வேணும். மழைக்கும் ஆகணும், குளிருக்கும் ஆகணும்."

"தண்ணி புகாததா, தண்ணி தாங்குறதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே! அப்பாவையும் மாமனாரையும் ஒண்ணுன்னு சொல்லிட்ட மாதிரி.

"புகாததுன்னா மழை உள்ள வராதும்மா. ஆனா வேர்வையும் வெளிய போகாது. உங்க வழியில மேடு இருக்கா?"

"பாலத்துக்கு அப்புறம் ஒரு மேடு இருக்கு. ஏறுறதுக்குள்ள உயிர் போயிரும்."

"அப்ப புகாததைப் போட்டா மழையே வேண்டாம். உள்ளுக்குள்ளேயே குளிச்சிடுவீங்க. குளிர்ல வேர்த்து நனைஞ்சா மழையில நனையிறதைவிட மோசம். உங்களுக்குத் தாங்குறதுதான்."

முதல்ல ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு. பொம்பளைங்களுக்கான மீடியம். ஜிப்பு தொப்புளைத் தாண்டினதும் ஸ்ட்ரைக் பண்ணிடுச்சு. மீடியம்னு எழுதின மகராசன் எந்தப் பொம்பளையைப் பாத்துட்டு எழுதினானோ, ஒருவேளை அவன் பாத்தது துணிக்கடை பொம்மையா இருக்கும். ரெண்டாவது, கச்சிதமா இருந்துச்சு. கண்ணாடி முன்னாடி இப்படித் திரும்பி அப்படித் திரும்பி, "இதுவே போதும்"னேன்.

"நின்னுக்கிட்டா சைக்கிள் ஓட்டப் போறீங்க? ஏறுங்க."

கடை நடுவுல ஒரு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தாரு. ஏறிக் குனிஞ்சு ஹேண்டில்பாரைப் புடிச்சேன். கை ரெண்டும் முழங்கை வரைக்கும் ஏறிடுச்சு. பின்பக்கம் மேல போய் இடுப்புல ஒரு ஜன்னலே தொறந்துக்கிச்சு. பின்னாடி நின்ன ஒரு மனுஷன் சட்டுன்னு திரும்பி, காத்தடிக்கிற பம்பு ஒண்ணை வாழ்க்கையில முதல் தடவையா பம்பு பாக்கிறவன் மாதிரி உத்து உத்துப் பாக்க ஆரம்பிச்சான்.

"அந்த ஜன்னல் வழியாத்தான் பின்சக்கரத்துத் தண்ணி எல்லாம் உள்ள வரும்"னாரு தொடை, முகத்துல ஒரு சலனமும் இல்லாம.

மூணாவதுதான் அது. ஆம்பளைங்களுக்கான லார்ஜ். பின்பக்கம் நீளமா இறங்கி உக்கார்ற இடத்தை மூடுது. கீழ் ஓரத்துல உள்பக்கமா ரப்பர் பட்டை, மேல ஏறாம கவ்விக்கிது. குனிஞ்சாலும் கை மணிக்கட்டுக்குக் கீழேயே நிக்குது, கிளவுஸ் மாட்டினா அதுக்குள்ள சொருகிக்கலாம். கழுத்துல ஜிப்பு முடியுற இடத்துல ஒரு சின்ன மடிப்பு, தாடையைக் கடிக்காம இருக்க. உள்ளே முழுக்கப் பஞ்சு மாதிரி நெசவு. கலரு ஆரஞ்சு. சாதா ஆரஞ்சு இல்ல, கண்ணை மூடினாலும் தெரியுற ஆரஞ்சு.

தொடை ஒரு டம்ளர் தண்ணி எடுத்து நான் போட்டிருக்கிறப்பவே கையில ஊத்தினாரு. தண்ணி முத்து முத்தா உருண்டு தரையில விழுந்துச்சு. துணி ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துச்சு. எனக்கு வாய் பொளந்து போச்சு.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"சாதா மழைன்னா ஒரு மணி நேரம். கொட்டோ கொட்டுன்னு கொட்டினா அரை மணி. அதுக்கு மேல நான் கடவுள் இல்ல."

எனக்கு அம்பது நிமிஷம் போதும். விலையைச் சொன்னாரு. சைக்கிள்ல இருந்து கீழ இறங்கிட்டேன். அப்புறம் பித்தப்பைக் கல்லை நெனச்சேன். பேசாம வாங்கிட்டேன்.

வீட்டுல அண்ணி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "நடு ரோட்டுல நின்னு கையைக் காட்டு, எல்லா வண்டியும் நின்னுரும்."

எங்க வீட்டுல ஒரு சட்டம் உண்டு. கடையில இருந்து வந்த எந்தத் துணியும் லாண்டரிக்குப் போய்த் தொவைச்சு வந்த பிறகுதான் உடம்புல படணும். புதுத் துணியில என்னென்ன ஒட்டியிருக்கும்னு தொழில்ல பாத்தவங்க நாங்க. சாக்ஸுக்குக்கூட விதிவிலக்கு கிடையாது. அதனால நானே கொண்டுபோய் அண்ணன் கையில குடுத்தேன். துணி விஷயத்துல அவனை நம்பாம வேற யாரை நம்புறது? இருபத்தஞ்சு வருஷமா ஒரு துணி கூட அவன் கையில சாயம் போனதில்ல, சுருங்கினதில்ல.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டான். உள்தையல்ல இருந்த, எப்படித் தொவைக்கணும்னு போட்ட சீட்டை இழுத்து முன்பக்கம் படிச்சான், திருப்பிப் பின்பக்கமும் படிச்சான். ஜெர்சியை விரல் ரெண்டுக்கும் நடுவுல தேய்ச்சுப் பாத்தான்.

"நல்ல துணி பாப்பா"ன்னான். வேற ஒண்ணும் சொல்லல. நுரையீரல்கூட வரல. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்.

ரெண்டு நாள் கழிச்சு மடிச்சு வந்துச்சு. அவ்வளவு மெத்துமெத்துன்னு இருந்துச்சு, கன்னத்துல வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்.

செவ்வாக்கிழமை மழை வந்துச்சு. காலையில ஆறரைக்கே ஜன்னல்ல தடதடன்னு சத்தம். கீழ இறங்கினா அண்ணன் கையில டீயோட நிக்கிறான்.

"மழை"ன்னான்.

"தெரியுது"ன்னேன்.

கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்து, கிளவுஸை மாட்டி, ராணுவத்துக்குப் போற மாதிரி வெளிய வந்தேன். முதல் பத்து நிமிஷம் பாட்டெல்லாம் பாடினேன், மரியாதைக்கு எந்தப் பாட்டுன்னு சொல்லல. பாலத்துக்கு வர்றதுக்குள்ள தோள்பட்டை சில்லுன்னுச்சு. குனிஞ்சு பாத்தா ஆரஞ்சு கருத்துப்போய்க் கிடக்கு. ஒரு முத்துகூட உருளல. அந்தத் துணி தண்ணியைக் குடிக்குது, கல்யாண வீட்டுல ஓசியில கிடைச்ச மாதிரி குடிக்குது! மேட்டுல ஏறுறப்ப கை ரெண்டும் ஈரத்துல கனத்துத் தொங்குது, முதுகுல தண்ணி கோடு போட்டு இறங்குது, எதிர்க்காத்து வேற. கடைசி மூணு கிலோமீட்டர் நான் தொடையைத் திட்டினதை எல்லாம் எழுத முடியாது. அந்தாளோட தொடையையும் தனியா திட்டினேன்.

திட்டி முடிச்சப்புறம் அழுகை வந்துச்சு. வெக்கமில்லாம அழுதேன். மழையில யாருக்குத் தெரியப் போகுது?

பட்டறைக்குள்ள போய் வேற சட்டை மாத்திக்கிட்டு மிஷின் முன்னாடி உக்காந்தேன். லென்ஸை ஃபிரேமோட வடிவத்துக்குத் தேய்ச்சு, ஓரத்தைக் கையில புடிச்சுச் சரி பண்ணணும். அன்னிக்கு முதல் வேலை ஒரு ஸ்கூல் பொண்ணோட கண்ணாடி. நல்ல தடிமன் லென்ஸ். விரல் நடுங்கிச்சு, லென்ஸ் தேய்க்கிற சக்கரத்துல இடிச்சு ஓரம் தெறிச்சிடுச்சு. அந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு நாள் போர்டு தெரியாது, என்னால.

சூப்பர்வைசர் அம்மா என் கையைப் புடிச்சுப் பாத்தாங்க. "ஐஸ் கட்டி மாதிரி இருக்கு. நடுக்கம் நிக்கிற வரைக்கும் மிஷின் பக்கம் வராதே. போய் ஹீட்டர்கிட்ட உக்காரு."

ஹீட்டருக்கு மேல ஜெர்சியைத் தொங்கவிட்டுட்டு தொடைக்கு ஃபோன் போட்டேன். எடுத்ததும் ஆரம்பிச்சேன். அவரு என்னை நிறுத்தல, பாவம், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்புறம் மெதுவா, "தொவைச்சீங்களா?"ன்னாரு.

"தொவைச்சோம். அதுக்கென்ன? எங்களுது லாண்டரி, எங்களுக்குத் தொவைக்கச் சொல்லித் தராதீங்க."

"ஜெர்சியை மோந்து பாருங்க."

"என்னது?"

"மோந்து பாருங்கம்மா."

மோந்தேன். சூட்டுல வாசனை குப்புன்னு ஏறுச்சு. எங்க வீட்டு டவல் வாசனை, தலையணை உறை வாசனை. ஓட்டல்காரங்க கேட்டாங்கன்னு அண்ணன் வாங்கி வெச்சிருக்கிற, துணியை மெத்துன்னு ஆக்குற சாஃப்ட்னர்.

"சாஃப்ட்னரா?"ன்னாரு தொடை. "முடிஞ்சுது. மேல இருக்கிற பூச்சு தண்ணியைத் தள்ளுறதுக்கு. சாஃப்ட்னர் அது மேல படிஞ்சா தண்ணியைக் கூப்பிட்டு உள்ள விட்டுரும். சீட்டுல போட்டிருக்குமே, படிக்கலையா?"

ஃபோனை வெச்சுட்டு சீட்டை இழுத்துப் பாத்தேன். முன்பக்கம் ஒண்ணும் இல்ல. பின்பக்கம் கொட்டை எழுத்துல இருக்கு, சாஃப்ட்னர் போடக் கூடாதுன்னு. அண்ணன் அந்தப் பக்கத்தையும் படிச்சான். நான் பக்கத்துலயே நின்னேன்.

முதல்ல அண்ணியா இருக்கும்னு மனசு அங்க ஓடுச்சு. எனக்கே தெரியும், அது சும்மா. அந்த சாஃப்ட்னர் டப்பாவை அண்ணன் யாரையும் தொட விடமாட்டான், மூடியில அளந்து அவனே ஊத்துவான். உடம்பு சூடாயிடுச்சு. ஹீட்டரே தேவைப்படல. மிச்ச நாள் முழுக்க ஒரு லென்ஸும் உடையல. கோவத்துல கை நடுங்காதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

சாயங்காலம் மழை விட்டிருந்துச்சு. நேரா லாண்டரிக்குப் போனேன். அண்ணி முன்னாடி மேஜையில தலையணை உறை மடிச்சுக்கிட்டிருந்தாங்க. என் மூஞ்சியைப் பாத்ததும் எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. அண்ணன் பெரிய மிஷினுக்குள்ள பாதி உடம்பை விட்டு பெட்ஷீட்டை இழுத்துக்கிட்டிருந்தான்.

"நனைஞ்சுட்டியா?"ன்னான் வெளிய வந்து. "நான்தான் சொன்னேனே பாப்பா. ஈரத்துல நெஞ்சு சளி எப்படிக் கட்டும்னா..."

ஜெர்சியை அவன் மூஞ்சிக்கு நேரா புடிச்சு சீட்டைத் திருப்பிக் காட்டினேன். "படி."

"என்ன..."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் படி. சத்தமா படி."

கண்ணாடி போடல. சீட்டைப் பாக்கவும் இல்ல. பெட்ஷீட்டைக் கீழ வெச்சான்.

"தெரியும்"னான்.

ஒரே வார்த்தை. என் அண்ணன் வாயில இருந்து ஒரே ஒரு வார்த்தை வந்து நின்னதை அன்னிக்குத்தான் பாக்கிறேன். ஆனா எனக்கு அப்ப அதெல்லாம் ரசிக்கிற நிலைமை இல்ல.

"தெரிஞ்சே பண்ணினியா? சொந்தத் தங்கச்சியை ஏமாத்தினியா? அவங்க வீட்டுலயும் இப்படித்தான். செருப்பை ஒளிச்சு வெப்பாங்க, பஸ் காசை எடுத்துருவாங்க, அப்புறம் 'நாங்க எங்க உன்னைத் தடுத்தோம்'னு கேப்பாங்க. நீ வாசனையா பண்ணியிருக்கே, அவ்வளவுதான் வித்தியாசம்!"

அடிச்ச மாதிரி ஆயிட்டான். பக்கத்துல இருந்த கூடையைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்துட்டான். மிஷின் ஒண்ணு மட்டும் சுத்திக்கிட்டிருந்துச்சு.

"ஒன்பது வருஷம்"னான். "வாரா வாரம் ஃபோன் பண்ணினேன். நல்லா இருக்கேன்னு சொன்னே. நான் நம்பினேன். அப்புறம் ஒரு நாள் பஸ்ல இருந்து இறங்குறே. எனக்கு அடையாளம் தெரியல பாப்பா. என் தங்கச்சியைத் தேடிக்கிட்டு உன்னைத் தாண்டி நடந்து போனேன்."

அது எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல அவன் லேட்டா வந்தான்னுதான் இத்தனை நாளா நெனச்சிருந்தேன்.

"வேன்ல பக்கத்துல உக்காந்தா உன் மூஞ்சியைப் பாக்கலாம். கொஞ்சம் சதை போட்டிருக்கா, ராத்திரி தூங்கினாளா, பாத்துக்கலாம். சைக்கிள்ல போனா முதுகுதான் தெரியுது."

"பாக்கிறவன் கேக்க வேண்டியதுதானே? ஒண்ணரை வருஷமா பேசுறியே, அங்க என்ன நடந்துச்சுன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டியா? பித்தப்பையைப் பத்தி எனக்கு எதுக்குடா அண்ணே?"

"கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயம்"னான். "நான் விடாம பேசினா நீ சொல்ல முடியாதுல்ல."

எனக்குக் கோவம் இறங்கல. இறங்கிடுச்சுன்னு சொன்னா பொய். ஆனா அந்தக் கூடை மேல முட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தவனைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. இன்னொரு கூடையைக் கவுத்துப் போட்டு எதிர்ல உக்காந்தேன்.

"இப்பக் கேளு."

நுரை வடிகாலுக்குள்ள போறதைப் பாத்தான். அப்புறம் கேட்டான்.

"சாப்பாடு போட்டாங்களா?"

நான் தயாரா இருந்தது வேற கேள்விகளுக்கு. அடிச்சானா, குடிச்சானா, அந்த மாதிரி.

"சமையல்கட்டுக்குப் பூட்டு போட்டிருந்தாங்க அண்ணே. சாவி மாமியார் இடுப்புல இருக்கும். அவங்களுக்குக் கோவம்னா ரெண்டு நாள் திறக்காது." அதுக்கு மேல அவன் மூஞ்சியைப் பாக்க முடியல, அதனால சேத்துச் சொன்னேன்: "அப்ப போயிருந்தா கடையில அந்த லேடீஸ் மீடியம் தொளதொளன்னு இருந்திருக்கும்."

அவன் சிரிக்கல. குலுங்கிக் குலுங்கி அழுதான், அம்பது வயசு ஆளு, மூக்கெல்லாம் ஒழுக. நானும் அழுதேன். உள்ள இருந்து அண்ணி மூக்கை உறிஞ்சுற சத்தமும் கேட்டுச்சு. ஒட்டுக் கேக்காம இருந்தாத்தான் அதிசயம்.

அப்புறம் எந்திரிச்சு ஜெர்சியை வாங்கிக்கிட்டான். சாதா சோப்புல ஒரு தடவை, வெறும் தண்ணியில மூணு தடவை, மிதமான சூட்டுல காயவெச்சு, ரெயின்கோட்டுக்கு அடிக்கிற மருந்தை அது மேல சீரா தெளிச்சான். அது முடியுற வரைக்கும் நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். செருப்பு, ஃபோன், பஸ் காசு, மாமியாரோட கட்டிலுக்கடியில நான் கண்டுபிடிச்ச பிஸ்கட் டின்னு, எல்லாம். சில இடத்துல அவன் மிஷினைப் புடிச்சுக்கிட்டு நின்னான். ஆனா வாய் திறக்கல.

மறுநாளும் மழை. சைக்கிளை எடுத்தேன். "நீ தோத்துட்டே, வேன்ல ஏறு"ன்னு யாரும் சொல்லல. அண்ணன் வாசல்ல நின்னான், அவ்வளவுதான். பாலம் வந்துச்சு, மேடு வந்துச்சு. ஜெர்சி மேல தண்ணி உருண்டு உருண்டு ஓடுச்சு, உள்ள பனியன் காஞ்சு கிடந்துச்சு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான் பாக்கி.

மேட்டு உச்சியில ரெண்டு தடவை திரும்பிப் பாத்தேன். வேன் பின்னால வரல. வரலையேன்னு எனக்கு ஒரு நிமிஷம் ஆத்திரமா வந்துச்சு, வெக்கங்கெட்ட ஆத்திரம். கண்ணைத் துடைச்சுக்கிட்டு பெடலை மிதிச்சேன்.